மாருதி 800: ஊருக்குள் ஒன்றும் இல்லை, ஏற்காடு ஏறினால் மட்டும் கொதிக்கிறது. கூலண்ட் எங்கேதான் போகிறது?

அம்மாபேட்டை800:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2004 மாருதி 800, எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டர் இல்லாத இன்ஜின்), ஏசி வைத்தது. அப்பா புதிதாக எடுத்தது, இப்போது என் கையில். மீட்டர் 1,12,000 காட்டுகிறது, ஆனால் நடுவில் ஒரு வருடம் போல கேபிள் அறுந்து கிடந்தது, அதனால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

சேலத்துக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. சித்திரை வெயிலில் ஐந்து ரோட்டில் ஏசி போட்டு நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. ஃபேன் சரியாக ஓடுகிறது, நின்று கேட்டிருக்கிறேன். தங்கையை ஏற்காடு தாண்டி நாகலூரில் கொடுத்திருக்கிறது, மாதம் இரண்டு தடவையாவது மலை ஏற வேண்டும், அங்கேதான் வம்பு. பத்துப் பன்னிரண்டு வளைவு வரை சும்மா இருக்கும், அப்புறம் முள் மெதுவாக எழுந்து நிற்க ஆரம்பிக்கும். குப்பனூர் வழியாகப் போய்ப் பார்த்தேன், அதிலும் இதே கதை. கிளம்பும் முன் வாய் வரை நிறைத்து வைத்தால் மேலே போய் ஆறின பிறகு அரை லிட்டருக்கு மேல் குடிக்கிறது. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான், மனைவி, டிக்கியில் ஒரு மூட்டை அரிசி. 14-வது வளைவில் முள் முக்கால், 16-ல் சிவப்புக்குப் பக்கத்தில். சரி அடுத்து இடம் கிடைத்தால் நிறுத்திவிடலாம் என்று பார்த்துக்கொண்டே போகும்போது முள் தானாகக் கீழே இறங்கிவிட்டது, கால் வாசிக்கு. அப்பாடா, குளிர்ந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தாமல் போனேன். இரண்டு வளைவுகூட இருக்காது, வெல்லப் பாகு காய்ச்சுவது போல ஒரு வாசனை, ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இழுக்கவில்லை, டொக் டொக் என்று ஒரு சத்தம். ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் ஆவி. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அதற்குள் தங்கைக்கு வைத்திருந்த கொய்யாப்பழத்தைக் குரங்குகள் முடித்துவிட்டன. ஆறின பிறகு மூன்று பாட்டில் குடிதண்ணீர் ஊற்றித்தான் மேலே போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு மெக்கானிக்கிடம் காட்டியாகிவிட்டது. முதல் ஆள் இது நடப்பதற்கு முன்பே தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை என்றார். இரண்டாவது ஆள் சனிக்கிழமை கதையைக் கேட்டதுமே, பானெட்டைக்கூடத் திறக்காமல், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி லேத்தில் ஃபேஸிங் போட்டுச் சமமாக்க வேண்டும், 12 ஆயிரம் ஆகும் என்றார். வண்டியை விற்றாலே எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும். விற்க அப்பா விட மாட்டார், அது வேறு. ஹெட்டை இறக்கும் முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

கோரிமேடு பட்டறை:

தம்பி, முதலில் அந்த முள் விஷயம். அது இறங்கியது குளிர்ந்ததால் இல்லை. டெம்பரேச்சர் சென்சர் தண்ணீரில் முங்கி இருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் குறைந்து சென்சர் ஆவியில் தொங்கினால் சூடு அதற்கு ஏறாது, முள் படுத்துவிடும். கீழே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். மலை ஏறும்போது சிவப்புக்குப் போன முள் காரணமில்லாமல் இறங்கினால் அந்த இடத்திலேயே, வளைவாக இருந்தாலும் பின்னால் வருகிறவன் திட்டினாலும், நிறுத்தி அணைத்துவிட வேண்டும். என் பட்டறைக்கு மலையிலிருந்து இறக்கி வருகிற வண்டிகளில் ஹெட் வளைந்தது எல்லாமே இப்படி இரண்டு கிலோமீட்டர் சேர்த்து ஓட்டியதுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவர் செய்தது தப்பு, ஆனால் தெரியாமலே உனக்கு ஓர் உதவி செய்திருக்கிறார். அடைத்துக்கொண்ட தெர்மோஸ்டாட் காரணமாக இருந்திருந்தால் அதை எடுத்த பிறகு கொதித்திருக்கக் கூடாது. எடுத்த பிறகும் கொதித்தது. ஆக அது இல்லை. ஃபேனும் இல்லை, அது கெட்டிருந்தால் ஐந்து ரோட்டிலேயே காட்டிக் கொடுத்திருக்கும். மிச்சம் இருப்பது தண்ணீர் வெளியே போவதும், ரேடியேட்டர் அடைப்பும், ஹெட் கேஸ்கெட்டும். இதில் தண்ணீர் போகிறது என்று நீயே சொல்லிவிட்டாய். எங்கே போகிறது என்று தெரியாமல் ஹெட்டில் கை வைக்கவே கூடாது.

காலையில் வண்டி முழுசாக ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திற. (சூட்டில் திறக்காதே. முகம் வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) வாய் வரை தண்ணீர் விட்டு, மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய். யாரையாவது ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டு நீ வாயைப் பார். முதல் ஒன்றிரண்டு நிமிடம் சிக்கிய காற்று குமிழி விடும், அது கணக்கில்லை. தெர்மோஸ்டாட் இல்லாததால் தண்ணீர் உடனே சுழல ஆரம்பிக்கும், அதையும் குமிழி என்று நினைத்துப் பயப்படாதே. அதற்குப் பிறகும் சோடா பாட்டில் திறந்தது போல நிற்காமல் வந்தாலோ, ஏற்றும்போதெல்லாம் வெளியே துப்பினாலோ, சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். அப்போது கேஸ்கெட் பேச்சைப் பேசலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம் பாலில் கலந்த காப்பி நிறத்தில் வழவழப்பு இருக்கிறதா என்றும் பார். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்று. இரண்டு பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தால், அந்த சிலிண்டர் தண்ணீர் குடிக்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எழுது. அப்புறம் ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வை. தரையில் தெரியாத சொட்டு அட்டையில் தெரியும்.

சங்ககிரி லோடு:

எதுக்குங்க இவ்வளவு. ஒரு கைப்பிடி மஞ்சள்தூளை ரேடியேட்டரில் போட்டு ஓட்டுங்க, ஒழுகுற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். எங்கப்பா லாரியில் வட நாட்டு லோடு போகும்போது எத்தனையோ தடவை இதை வைத்தே வீடு வந்து சேர்ந்திருக்கிறார். நம்ம ஊரில் மஞ்சளுக்கா பஞ்சம், லீ பஜாரில் போய் நின்றால் தும்மலே வரும்.

நாகலூர் காபி:

சங்ககிரி அண்ணே, உங்கப்பா செய்தது நடுக்காட்டில் நின்ற லாரியை வீட்டுக்குக் கொண்டுவர. அதற்கு அது சரி. லாரி ரேடியேட்டர் குழாய் அகலம், தூள் போனாலும் தாங்கும். 800-ன் ரேடியேட்டர் குழாய் நகம் நுழையாத அளவு, அதில் ஏற்கெனவே உப்பு படிந்திருக்கும், மஞ்சளும் சேர்ந்தால் ஒழுகுற ஓட்டை அடைபடுமோ இல்லையோ, ஓடுற வழி அடைபடும். எங்கள் பழைய ஜீப்பில் ஒருத்தர் இப்படிப் போட்டு, பிறகு கழற்றிக் கழுவியபோது களி மாதிரி வந்தது. ஹீட்டர் குழாயெல்லாம் சேர்ந்து போனது.

கேள்வி கேட்டவருக்கு: நான் உங்க தங்கை ஊர்தான். மாதத்தில் பத்து நாள் இறங்கி ஏறுகிறேன். மலையில் மட்டும் ஏன் என்று யோசித்தீர்களா? ஏற்றத்தில் இன்ஜின் முழு பாரம் இழுக்கும், வேகமோ 20, 25, அதனால் முன்னாலிருந்து அடிக்கிற காற்றும் குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்று இருக்கிறது. தண்ணீர் கீழே சேலத்தில் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கிறது என்றால், 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில் 95-லேயே கொதித்துவிடும். எங்கள் வீட்டில் பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது என்பதற்கும் இதுதான் காரணம். உங்கள் ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான், மூடிதான் அதன் வெயிட். மூடி மேல் 0.9 என்று போட்டிருந்தால், உள்ளே அவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரையே 115 டிகிரி தாண்டும் வரை கொதிக்க விடாது. மூடியின் ரப்பர் செத்துவிட்டாலோ வேறு எங்காவது மயிரிழை ஒழுகல் இருந்தாலோ அழுத்தம் நிற்காது. இன்ஜின் 90-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் 95, 96-ல் கொதிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஊருக்குள் அந்த அளவு சூடு வருவதே இல்லை, அதனால் ஒன்றும் தெரியாது. மலைதான் காட்டிக் கொடுக்கும்.

அதனால் முதலில் மூடியை மாற்றுங்கள். செலவும் கம்மி. பழையதில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்காமல், வண்டிப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே வாங்குங்கள், இதற்கு முன் யாராவது தப்பானதை மாட்டியிருக்கலாம். கூடுதல் எண் போட்டால் இன்னும் நல்லது என்று ஒரு கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள், 20 வருட ஹோஸ் அதைத் தாங்காது.

குகை மீனா:

எங்கள் சான்ட்ரோவில் இதே மாதிரி தண்ணீர் மாயமாகிக்கொண்டே இருந்தது, கீழே சொட்டே இல்லை. கடைசியில் முன் சீட்டில் உட்கார்ந்த என் மாமியார்தான் கண்டுபிடித்தார், கால் பிசுபிசுக்கிறது என்று. ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கிற சின்ன ரேடியேட்டர்) ஒழுகி கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கி இருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி பிடித்து, துடைத்தால் எண்ணெய் மாதிரி இழுத்தால் அதுவும் இதற்கு அடையாளம். உங்கள் வண்டியில் ஹீட்டர் இருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கி ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

இன்னொன்று, எல்லோரும் ஊற்றி எடுக்கும்போது வாசலில் கொட்டிவிட்டுப் போகிறீர்கள். கூலண்ட் இனிப்பாக இருக்கும், தெரு நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். எங்கள் தெருவில் ஒன்று போனது. தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், முடிந்தால் பழைய பாட்டிலில் பிடித்து வையுங்கள்.

அம்மாபேட்டை800:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க இதே வேலை. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை.

குமிழி இல்லை. முதலில் நாலைந்து வந்தது, பிறகு பத்து நிமிடம் ஓட விட்டும் சும்மா சுழன்றது, அவ்வளவுதான். ஆயில் மூடி கறுப்பாக இருந்தது, காப்பி இல்லை. மூன்று பிளக்கும் ஒரே பழுப்பு. கார்ப்பெட் காய்ந்த மண்ணோடு, அப்பாவின் தொலைந்து போன பேனாவோடு, ஆனால் ஈரம் இல்லாமல் இருந்தது. மூடியை மாற்றினேன், 0.9. பழைய மூடியின் ரப்பரில் நகத்தால் கீறினால் துண்டு துண்டாக உதிர்ந்தது. ஆகா கிடைத்துவிட்டது என்று திங்கள் சாயங்காலம் அடிவாரம் தாண்டி தனியாக ஏறிப் பார்த்தேன். முள் இந்தத் தடவை 16-வது வளைவு வரை சும்மா இருந்தது, அப்புறம் முக்காலுக்கு வந்தது. அங்கேயே நிறுத்தித் திரும்பிவிட்டேன். வீட்டில் வந்து ஆறின பிறகு பார்த்தால் கால் லிட்டர் குறைவு. ஆக மூடியும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை.

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சிரிக்காதீர்கள். அட்டையில் சொட்டு இல்லை, ஆனால் பானெட்டைத் திறந்து கம்பி போட்டு நிமிர்ந்தபோது பானெட்டின் உள்பக்கம் ஒரு ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல, ஆனால் ஒரே நேர்கோட்டில், ஒரு சாண் நீளத்துக்கு. கீழே மட்கார்டு பக்கத்திலும் அதே கோட்டில் கொஞ்சம். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வருகிறது. அப்பா இத்தனை வருடமாக எங்கள் போர் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார், அந்தத் தண்ணீரில் குடத்தின் உள்ளேயே வெள்ளை படியும். இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, இல்லை பழைய அழுக்கா?

கோரிமேடு பட்டறை:

தம்பி நீ 12 ஆயிரத்தைக் காப்பாற்றிவிட்டாய்.

அந்தக் கோடு ஃபேன் பெல்ட் (தண்ணீரைச் சுழற்றுகிற வாட்டர் பம்பை ஓட்டுகிற பெல்ட்) சுற்றுகிற நேரே இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார். இருக்கும். வாட்டர் பம்பின் ஷாஃப்ட் பக்கத்தில் அடியில் பொடி ஓட்டை ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கிற சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே வைத்தது. உன் பம்பில் சீல் போய்விட்டது. ஐடிலிங்கில் ஒழுகாது. மலையில் இரண்டாவது கியரில் இன்ஜின் வேகமாகச் சுற்றி, உள்ளே அழுத்தமும் ஏறும்போதுதான் கசியும். கசிகிற சொட்டு கீழே விழுவதற்குள் புல்லியும் பெல்ட்டும் அதைப் பிடித்து வீசியடித்துவிடும், மிச்சம் சூட்டில் காய்ந்துவிடும். அதனால்தான் அட்டையில் ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தப் புள்ளிகூடத் தெரிந்திருக்காது, உங்கப்பாவின் போர் தண்ணீர் உப்புதான் தடயம் விட்டிருக்கிறது.

உறுதி செய்ய: இன்ஜின் அணைத்து ஆறின பிறகு பம்ப் புல்லியை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆடினால் பேரிங்கும் சேர்ந்து போகிறது. டார்ச் அடித்து ஓட்டைக்குக் கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ கோடு இறங்கியிருக்கிறதா என்று பார். அப்படியும் சந்தேகம் என்றால் பிரஷர் டெஸ்டர் இருக்கிற பட்டறைக்குப் போ. சைக்கிள் பம்ப் மாதிரி கைப்பம்பு, மேலே ஒரு மீட்டர், மூடிக்குப் பதில் அதை மாட்டி ஆறின வண்டியிலேயே 0.9 வரை அடித்து நிறுத்துவார்கள். அதற்கு மேல் அடிக்க விடாதே. பத்து நிமிடம் மீட்டர் இறங்காமல் நின்றால் ஒழுகல் இல்லை. இறங்கினால் எங்கே ஈரம் என்று கண்ணால் தேட வேண்டியதுதான். ஓட்டிக்கொண்டே தேட முடியாததை நிற்க வைத்துத் தேடலாம், அதுதான் அதன் சௌகரியம்.

ஒரு விஷயம், அன்றைக்குத் தண்ணீர் இல்லாமல் இரண்டு வளைவு ஓட்டியிருக்கிறாய். ஹெட் அலுமினியம். குமிழி இல்லை என்பது நல்ல சேதிதான், ஆனாலும் பம்ப் மாற்றும்போது மூன்று சிலிண்டர் கம்ப்ரஷனையும் (உள்ளே காற்று அழுந்துகிற அளவு) பார்க்கச் சொல். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தப்பித்தாய்.

நாகலூர் காபி:

பட்டறை அண்ணன் சொன்னதற்கு மேல் இல்லை. மூடி என்று மட்டும் சொல்லி நான் பாதியில் நின்றுவிட்டேன். எப்படியும் எல்லாவற்றையும் இறக்கப் போகிறீர்கள், ரேடியேட்டரையும் ஃப்ளஷ் செய்து உப்பை வெளியே எடுத்துவிடுங்கள்.

கோரிமேடு பட்டறை:

இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 20 வருட ரேடியேட்டரில் வீரியமான ஃப்ளஷ் மருந்து ஊற்றினால், எந்த உப்பு ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறதோ அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். மறுநாளே நாலு இடத்தில் சொட்டும், வாடிக்கையாளர் நேற்று நன்றாக இருந்ததே என்று என்னிடம் வந்து நிற்பார். நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தடவை ஓட்டி வடித்தால் போதும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தைக் கையால், ஃபேன் வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான், தடவிப் பார்க்கலாம். ஏதாவது ஒரு பட்டை மட்டும் ஜில்லென்று இருந்தால் அந்த இடம் அடைத்திருக்கிறது, அப்போது ரேடியேட்டரையே மாற்று. 800 தயாரிப்பை நிறுத்தியது 2014 ஜனவரியில், ஆனாலும் சாமான் இன்றைக்கும் சேலத்தில் மூலைக்கு மூலை கிடைக்கிறது.

நாகலூர் காபி:

சரி அண்ணே, நான் என் ஜீப்புக்குச் செய்தது பித்தளை ரேடியேட்டர், உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் உப்பை உள்ளே வைத்துக்கொண்டு புது கூலண்ட் ஊற்றுவது எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

சங்ககிரி லோடு:

நான் மஞ்சள் என்று சொன்னதற்கு எல்லோரும் இப்படிப் பாய்ந்தீர்களே, இப்போது போர் தண்ணீர் உப்பே ஓட்டையை அடைக்கிறது என்கிறீர்கள். மஞ்சளுக்கு மட்டும் என்ன கெட்ட பெயர் 😄

அம்மாபேட்டை800:

வேலை முடிந்தது, விவரம் எழுதாமல் போனால் பாவம்.

வெள்ளிக்கிழமை டெஸ்டர் இருக்கிற ஒரு பட்டறையில் விட்டேன். 0.9 அடித்ததும் மீட்டர் நின்றது, நானும் மெக்கானிக்கும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் 0.6-க்கு வந்துவிட்டது. டார்ச் அடித்தால் பம்புக்கு அடியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. புல்லியை ஆட்டினால் கடக் கடக். பட்டறை அண்ணன் சொன்ன அதே இடம். பம்பைக் கழற்றும்போது டைமிங் பெல்ட் கவரைத் திறக்க வேண்டியிருந்தது, உள்ளே பெல்ட்டின் விளிம்பு நார் நாராக இருந்ததால் அதையும், வெளியே ஃபேன் பெல்ட்டையும் மாற்றிவிட்டேன். ஃபேன் பெல்ட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, கசிந்த கூலண்ட் பட்டுப் பட்டு வழுக்கியிருக்க வேண்டும், அதனாலும் பம்ப் வேகமாகச் சுற்றியிருக்காது என்று மெக்கானிக் சொன்னார். அதாவது தண்ணீரும் குறைவு, இருக்கிற தண்ணீரும் சரியாகச் சுற்றவில்லை. மேல் ஹோஸ் இரண்டு முனையிலும் கிளிப் போடுகிற இடத்தில் உப்பி இருந்தது, அதுவும் புதிது. தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வைத்தேன். வைத்த பிறகு ஒன்று கவனித்தேன், கொண்டலாம்பட்டி பைபாஸில் போகும்போது முன்பெல்லாம் முள் தரையிலேயே கிடக்கும், இப்போது பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து அசையாமல் நிற்கிறது. இத்தனை மாதமாக இன்ஜின் முழுசாகச் சூடாகாமலே பெட்ரோலைக் குடித்திருக்கிறது போல, மைலேஜ் 13-க்கு இறங்கியதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

கம்ப்ரஷன் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஃப்ளஷ் பஞ்சாயத்தில் பட்டறை அண்ணன் பக்கம் போய்விட்டேன், நல்ல தண்ணீர் விட்டு நாலு தடவை வடித்தோம். முதல் தடவை செவ்வாய்பேட்டைக் கடைகளில் கரும்புச்சாறு வடிப்பது போல ஒரு நிறம், நாலாவது தடவை பரவாயில்லை. பிறகு பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிப் பாதிக்குப் பாதி பச்சை கூலண்ட் கலந்து ஊற்றினோம். பனி உறைகிற ஊரா இது, எதற்குக் கூலண்ட் என்று அப்பா கேட்டார். துருவுக்கும் கொதிப்புக்கும் என்று சொன்னேன், நம்பிய மாதிரி தெரியவில்லை. மீனா அக்கா, வடித்ததை எல்லாம் கேனில் பிடித்து வைத்திருக்கிறேன், என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை அதே நாலு பேர், அதே அரிசி மூட்டை, ஏசியும் போட்டு ஏறினோம். நடுவில் சுற்றுலா பஸ் ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் ஏற்றத்திலேயே நின்றோம். ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்றது, முள் பாதியைத் தாண்டவில்லை. ஒண்டிக்கடையில் நிறுத்தி, ஆறும் வரை காத்திருந்து திறந்து பார்த்தேன், ரேடியேட்டர் வாய் வரை நிறைந்திருக்கிறது, பக்கத்தில் இருக்கிற கூலண்ட் டப்பாவிலும் அளவு அதே கோட்டில் இருக்கிறது.

கோரிமேடு பட்டறை:

நல்லது தம்பி. புது பெல்ட் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், ஆயிரம் கிலோமீட்டர் போல ஓடின பிறகு ஒரு தடவை டென்ஷன் பார்த்து இறுக்கு. பானெட்டில் அந்தப் புள்ளிகளைச் சுத்தமாகத் துடைத்துவிடு, திரும்ப வந்தால் உடனே தெரியும். இறங்கும்போதும் ஏறின அதே கியர், அணைத்துவிட்டு உருட்டாதே. பழைய பம்பைத் தூக்கிப் போடாமல் ஒரு நாள் கொண்டு வா, என்னிடம் வேலை பழகுகிற பையன்களுக்குச் சீல் எப்படித் தேய்கிறது என்று காட்ட வேண்டும்.

அம்மாபேட்டை800:

மன்னிக்க வேண்டும் அண்ணே. பம்ப், பழைய மூடி, பெல்ட் எல்லாவற்றையும் அப்பா நேற்றே பழைய இரும்புக்காரரிடம் போட்டு, பேரிச்சம்பழம் வாங்கிவிட்டார்.